உழவு மாட்டுக்கு நுகத்தடியைப் பொருத்துவது எப்படி?

மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு ஆடி மழை விழுந்த பிறகு கையில் இருப்பது சில நாட்கள்தான். ஈரம் காயும் முன் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஜோடியில் ஒரு மாடு கழுத்து வீங்கி நின்றுவிட்டால் மற்ற மாடும் கொட்டிலில்தான் நிற்கும். வாடகை டிராக்டருக்கு ஊரே வரிசையில் காத்திருக்கும் வாரம் அது. முறை வரும்போது நிலத்தில் ஈரம் இருக்காது. கழுத்துப் புண்ணால் வரும் நஷ்டத்தை மருந்துச் செலவை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. தவறிப்போன பட்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பிறகு உழவு மாடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனாலும் ஓரிரு ஏக்கர் வைத்திருப்போர், மலைச்சரிவில் படிக்கட்டு வயல் வைத்திருப்போர், வரிசைப் பயிரில் களை ஓட்டுவோர், பார வண்டி ஓட்டிப் பிழைப்போர் இன்னும் மாட்டை நம்பி இருக்கிறார்கள். ஒரு நல்ல காங்கேயம் ஜோடியின் விலை சிறு விவசாயியின் ஓராண்டு வருமானத்தை விழுங்கிவிடக் கூடியது. அந்த ஜோடியின் உழைப்பெல்லாம் நிலத்துக்கு வந்து சேருவது ஒரு கட்டை வழியாக. அதுவே நுகத்தடி. தீவனத்துக்கும் லாடத்துக்கும் காட்டும் அக்கறையில் பாதிகூட இந்தக் கட்டைக்குக் கிடைப்பதில்லை. அப்பா காலத்து நுகத்தடியிலேயே இன்றைய மாட்டையும் பூட்டுகிறோம். அது எந்த மாட்டின் கழுத்துக்கு இழைத்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

குதிரைக்குச் சேணம் பூட்டுவோர் ஒவ்வொரு குதிரையின் முதுகையும் பார்த்தே சேணத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்றுக்குப் பொருந்தியது மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதே கவனம் காளையின் கழுத்துக்கும் வேண்டும்.

கழுத்தில் நடப்பது என்ன?

நம் நாட்டு மாடுகளுக்குத் திமில் உண்டு. நுகத்தடி உட்கார வேண்டிய இடம் திமிலுக்குச் சற்று முன்னால், கழுத்தின் அடிப்பாகம். மாடு முன்னால் உந்தும்போது நுகத்தடி பின்னால் நகர்ந்து திமிலின் முன்பக்கத்தில் முட்டி நிற்கிறது. ஆகவே கழுத்தின் மேல் இரண்டு விதமான அழுத்தம் விழுகிறது. ஒன்று, நுகத்தடியின் எடையும் கலப்பை கீழ்நோக்கி இழுக்கும் இழுப்பும் சேர்ந்து மேலிருந்து அழுத்துவது. மற்றொன்று, இழுக்கும்போது பின்பக்க விளிம்பு திமிலை நோக்கி அழுத்துவது. பெரும்பாலான நுகத்தடிகளில் அடிப்பக்கம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். பின்விளிம்பை யாரும் கவனிப்பதில்லை. அந்த விளிம்பு கூர்மையாக இருந்தால் புண் அங்கேதான் தொடங்கும்.

தோலில் அழுத்தம் விழும்போது அந்த இடத்தில் இரத்த ஓட்டம் தடைபடுகிறது. சிறிது நேரம் என்றால் கேடில்லை. மணிக்கணக்கில் நீடித்தால் தோலுக்கு அடியில் உள்ள திசுக்கள் கெட்டு, நீர் கோத்து வீங்கும். அதோடு உராய்வும் சேர்ந்தால் மேல்தோல் உரியும். வியர்வையும் மண்ணும் உப்புத்தாளைப் போல அதைத் தேய்க்கும். மழையில் நனைந்து ஊறிய தோல் இன்னும் எளிதில் உரியும். உழவு மும்முரமாக நடக்கும் மழைக்காலத்தில் கழுத்துப் புண் அதிகமாக வருவதற்கு இதுவே காரணம்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள மாடு தன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தொடர்ந்து இழுக்க முடியும். 350 கிலோ எடையுள்ள இரண்டு மாடுகள் சேர்ந்தால் 70 கிலோ இழுப்பு. ஒரு மாட்டுக்கு 35 கிலோ. நுகத்தடி 20 செ.மீ. நீளத்துக்கும் 5 செ.மீ. அகலத்துக்கும் கழுத்தில் சீராகப் படிந்தால் தொடும் பரப்பு 100 சதுர செ.மீ. அப்போது ஒரு சதுர செ.மீட்டரில் விழும் அழுத்தம் 350 கிராம். நுகத்தடியில் ஒரு முண்டு துருத்திக்கொண்டிருந்து, பாரமெல்லாம் 10 சதுர செ.மீ. இடத்தில் மட்டும் விழுந்தால் அதே அழுத்தம் மூன்றரை கிலோ ஆகிவிடும். மாடு அதே மாடு, உழவும் அதே உழவு. தோல் தாங்க வேண்டியது மட்டும் பத்து மடங்கு.

மாட்டின் எடை தெரியாதவர்கள் டேப்பால் அளந்து கணக்கிடலாம். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அங்குலத்தில் அளக்கவும். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை உடல் நீளத்தையும் அங்குலத்தில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் எடை ஏறக்குறைய 784 பவுண்டு, அதாவது சுமார் 355 கிலோ. அந்த மாட்டிடம் தொடர்ந்து 35 கிலோவுக்கு மேல் இழுப்பை எதிர்பார்க்கக் கூடாது. கட்டாந்தரையில் ஆழ உழ முயலும்போது இழுப்பு இதைத் தாண்டிவிடும். அப்போது நுகத்தடி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழுத்து தாங்காது. ஒரு மழைக்குக் காத்திருப்பதோ, மேலாக ஒருமுறை ஓட்டிவிட்டு மறுமுறை ஆழ உழுவதோதான் வழி.

கழுத்தின் வடிவத்தை எடுத்தல்

ஆசாரியிடம் போய் "நுகத்தடி ஒன்று செய்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் வழக்கமான அளவில்தான் செய்வார். அவர்மேல் குற்றம் இல்லை. மாட்டை அவர் பார்க்கவில்லை. ஆகவே கழுத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டு போவது நல்லது.

இதற்குக் கையால் வளைக்கக் கூடிய தடித்த அலுமினியக் கம்பி ஒன்று போதும். மாட்டைச் சமதரையில், தலை இயல்பான உயரத்தில் இருக்கும்படி நிறுத்தவும். தலையைத் தூக்கினால் கழுத்தின் மேற்பகுதி சுருங்கும், தாழ்த்தினால் விரியும். நுகத்தடி படிய வேண்டிய இடத்தில் கம்பியைக் குறுக்காக வைத்து, கழுத்தோடு ஒட்டும்படி இருபுறமும் வளைத்து அழுத்தவும். வளைவு கலையாமல் எடுத்து ஓர் அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் கோடிடவும். இரண்டு மாட்டுக்கும் தனித்தனியாக எடுத்து, வலத்து மாடு, இடத்து மாடு என்று எழுதி வைக்கவும். இரண்டு வளைவும் ஒன்றுபோல் இருப்பது அபூர்வம்.

நுகத்தடியின் அடிப்பக்கத்தில் செதுக்கும் பள்ளம் இந்த வளைவைவிடச் சற்று விரிந்ததாக இருக்க வேண்டும். மிகச் சரியாக அதே வளைவில் செதுக்கினால், மாடு தசையை இறுக்கி இழுக்கும்போது பள்ளத்தின் இரு ஓரங்களும் கழுத்தைக் கவ்வும். பள்ளமே இல்லாத உருட்டுக் கட்டையாக இருந்தால் கழுத்தின் நடுமேட்டில் மட்டும் பாரம் விழும். இரண்டும் கெடுதலே. விரிந்த பள்ளமும் உருண்ட ஓரங்களும் சேர்ந்ததுதான் நல்ல நுகத்தடி. பின்விளிம்பை விரல் பருமனுக்கு உருட்டிவிடச் சொல்லுங்கள்.

மரத்தைப் பொறுத்தவரை முன்னோர் தேர்வு சரியானதே. நுணா என்றும் மஞ்சணத்தி என்றும் சொல்லப்படும் மரம் லேசானது, இழைத்தால் வழுவழுப்பாக வரும். வாகையிலும் செய்கிறார்கள். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் காயும்போது வெடிப்பு விடும், வெடித்த இடத்தில் சிலாம்பு எழும்பும். முண்டு உள்ள பகுதி கழுத்துக்கு வரும்படி செய்யக் கூடாது. கழுத்துப் படும் இடத்தில் ஆணி, இரும்புப் பட்டை எதுவும் இருக்கக் கூடாது. செதுக்கி முடித்ததும் உப்புத்தாளால் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசி ஊற விடவும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இப்படி எண்ணெய் கொடுத்தால் மரம் வறண்டு சொரசொரப்பு ஏறாது.

புது நுகத்தடி சரியாகப் படிகிறதா என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சாம்பலைத் தண்ணீரில் குழைத்து நுகத்தடியின் அடிப்பக்கத்திலும் பின்விளிம்பிலும் பூசி, மாட்டைப் பூட்டி இருபது முப்பது அடி நடக்க விடவும். அவிழ்த்துப் பார்த்தால் கழுத்தில் சாம்பல் தடம் தெரியும். தடம் அகலமாகவும் சீராகவும் இருந்தால் சரி. ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் நுகத்தடியில் அந்த இடத்துக்கு நேரே இழைத்துவிட்டு மீண்டும் சோதிக்கவும். இரண்டு மூன்று முறை செய்தால் போதும். சோதனை முடிந்ததும் சாம்பலைக் கழுவிவிட வேண்டும்.

வேலை முடிந்த பிறகு கழுத்தைப் பார்ப்பதும் ஒரு சோதனை. குதிரைக்காரர்கள் சேணத்தை இறக்கியதும் முதுகில் வியர்வைத் தடத்தைப் பார்ப்பார்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று அறிவார்கள். மாட்டின் கழுத்தில் இதைவிடத் தெளிவான அடையாளம் மயிர். ஓரிடத்தில் மயிர் முறிந்தோ உதிர்ந்தோ காணப்பட்டால் அது புண் வருவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை. தடவும்போது மாடு தோலைச் சிலிர்த்து விலகினாலும் அப்படியே.

நுகக்குச்சியும் பூட்டாங்கயிறும்

கழுத்தின் இருபுறமும் உள்ள குச்சிகள் நுகத்தடி பக்கவாட்டில் நகராமல் இருக்க உதவுகின்றன. பல ஊர்களில் வெளிப்புறம் ஒரு குச்சி மட்டும் இருக்கும், உள்பக்கத்தில் கயிறு தொங்கும். எப்படி இருந்தாலும் கழுத்துக்கும் குச்சிக்கும் இடையே ஒவ்வொரு புறமும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். நெருக்கமாக இருந்தால் வரப்போரம் திரும்பும்போது குச்சி கழுத்தைக் குத்தும். அதிகம் தளர்ந்திருந்தால் நுகத்தடி அங்குமிங்கும் ஓடி உராயும். குச்சிகள் உருண்டையாகவும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். உடைந்த குச்சிக்குப் பதிலாக வேலியில் ஒரு கிளையை ஒடித்துச் சொருகிக்கொள்ளும் வழக்கம் பல காயங்களுக்குக் காரணம்.

பூட்டாங்கயிறு கழுத்தின் அடிப்பக்கம் வருவது. அதன் வேலை நுகத்தடி கழன்றுவிடாமல் பார்ப்பது மட்டுமே, இழுப்பைத் தாங்குவது அல்ல. பூட்டிய பின் கயிற்றுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ளங்கை தட்டையாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் மாடு தலையைத் தாழ்த்தி உந்தும்போது மூச்சுக்குழல் அழுத்தப்படும். சற்று தூரம் நடந்ததும் மாடு இரைத்து நாக்கைத் தள்ளினால், "சோம்பேறி மாடு" என்று தார்க்குச்சியை எடுக்கும் முன் பூட்டாங்கயிற்றைப் பார்க்கவும். நைலான் கயிறு மலிவாகக் கிடைத்தாலும் கழுத்துக்கு ஏற்றதல்ல. அது மெல்லியது, வியர்வையை உறிஞ்சாது, தோலை அறுக்கும். பருத்திக் கயிறோ, அகலமான தோல் பட்டையோ நல்லது.

நுகத்தடியை ஏர்க்காலோடு கட்டுவதிலும் கவனம் வேண்டும். கட்டு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் நுகத்தடி கழுத்தின் மேல் உருளும். அந்த உருட்டல் ஒரு நாளில் சில ஆயிரம் முறை நடந்தால் தோல் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நுகத்தடி உருளாதபடி கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு மாடு அரை அடி முன்னே போனால் அதன் பக்கம் முன்னேறவும் மறுபக்கம் பின்தங்கவும் இடம் கொடுக்க வேண்டும்.

மெத்தை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் நல்ல மெத்தையாக இருந்தால் மட்டும். பழைய சாக்கைச் சுற்றிக் கட்டுவது பரவலாக உள்ளது. புதிதாகச் சுற்றிய அன்று அது மெத்தைதான். நான்கு நாளில் வியர்வையும் மண்ணும் ஏறி, காய்ந்து, மடிப்பு விழுந்து கட்டைபோல் ஆகிவிடுகிறது. அந்த மடிப்பு வெறும் மரத்தைவிட அதிகம் அறுக்கும். டியூப் ரப்பரைச் சுற்றினால் சூடும் வியர்வையும் வெளியேறாமல் தோல் வெந்து போகும். இந்த இரண்டையும்விட, நன்றாக இழைத்து எண்ணெய் கொடுத்த வெறும் மரமே மேல்.

செலவு செய்ய முடிந்தவர்கள் தோல் மெத்தை தைத்துக்கொள்ளலாம். நன்கு பதனிட்ட தோலில் உறை தைத்து, உள்ளே தேங்காய் நாரையோ பஞ்சையோ சீராக அடைத்து, தையல் கழுத்தில் படாதபடி மேல்பக்கம் வருமாறு கட்ட வேண்டும். அடைப்பு கட்டி தட்டினால் பிரித்து மீண்டும் அடைக்க வேண்டும். தோலுக்குப் பராமரிப்பு அவசியம். வேலை முடிந்ததும் ஈரத் துணியால் வியர்வை உப்பைத் துடைத்து நிழலில் உலர்த்தவும். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தால் விறைத்துப்போகும். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் இலேசாகத் தேய்த்தால் பதமாக இருக்கும். விறைத்த தோல் மெத்தையை மாட்டின் மேல் வைப்பதைவிட எடுத்து எறிந்துவிடுவது நல்லது. மெத்தை வைத்தால் பள்ளத்தின் அளவு குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. மெத்தைக்கு இடம் விட்டுத்தான் பள்ளத்தைச் செதுக்க வேண்டும். பொருந்தாத நுகத்தடிக்கு மெத்தை மருந்தாகாது.

ஜோடி சேர்த்தல்

உயரத்தில் வேறுபாடுள்ள மாடுகளைப் பூட்டினால் நுகத்தடி சாய்ந்து, பாரம் குட்டை மாட்டின் பக்கம் சரியும். ஆகவே ஜோடி சேர்க்கும்போது நிறத்தையும் கொம்பையும் பார்க்கும் முன் திமிலின் உயரத்தைப் பார்க்க வேண்டும். சிறிது வேறுபாடு தவிர்க்க முடியாததானால், உழும்போது சாலில் இறங்கி நடக்கும் பக்கத்தில் உயரமான மாட்டைப் பூட்டினால் ஓரளவு சமமாகும்.

பலத்தில் வேறுபாடு இருந்தால் ஏர்க்காலைக் கட்டும் இடத்தை மாற்றிச் சரிசெய்யலாம். இரண்டு கழுத்துகளுக்கும் இடையே 120 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்வோம். நட்டநடுவில் கட்டினால் இருவருக்கும் சம பாரம். கட்டை 6 செ.மீ. பலமான மாட்டின் பக்கம் நகர்த்தினால் அதன் பங்கு 55 சதவீதமாகவும் மற்றதன் பங்கு 45 சதவீதமாகவும் மாறும். 70 கிலோ இழுப்பில் ஒன்றுக்கு 38.5 கிலோ, மற்றதற்கு 31.5 கிலோ. இளைத்த மாட்டையோ புதிதாகப் பழகும் மாட்டையோ இப்படிக் காப்பாற்றலாம். ஆனால் விவரம் தெரியாமல், கட்டு தானாக நகர்ந்து பலவீனமான மாட்டின் பக்கம் போயிருப்பதும் உண்டு. ஜோடியில் எப்போதும் ஒரே மாட்டுக்குக் கழுத்து வீங்கினால் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

வரிசைப் பயிரில் களை ஓட்டும் நுகத்தடிக்கு நீளம் வேறு. மாடுகள் பயிரை மிதிக்காமல் இடைவெளியில் நடக்க வேண்டும். வரிசை இடைவெளி 75 செ.மீ. என்றால் இரண்டு கழுத்துகளுக்கும் இடைத்தூரம் 150 செ.மீ. இருக்க வேண்டும். உழவு நுகத்தடியையே இதற்கும் பயன்படுத்தினால் மாடுகள் பக்கவாட்டில் விலகி விலகி நடந்து நுகக்குச்சியில் கழுத்தைத் தேய்த்துக்கொள்ளும்.

ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பில் பிறந்த காளைக் கன்றுகளை உழவுக்குப் பழக்குவோரும் உண்டு. இவற்றுக்குத் திமில் சிறிதாகவோ இல்லாமலோ இருப்பதால் நுகத்தடி நிலையாக நிற்க இடமில்லை. உழும்போது பின்னால் சறுக்கும், நின்றால் முன்னால் வரும். வெயிலையும் நாட்டு மாடு அளவுக்குத் தாங்காது. இவற்றைப் பூட்டுவதானால் பள்ளம் அகலமாகவும், பூட்டாங்கயிறு அகலப் பட்டையாகவும் இருக்க வேண்டும். காலை, மாலை குளிர்ந்த நேரத்தில் மட்டும் வேலை வாங்க வேண்டும்.

வண்டி மாட்டுக்கு

வண்டியில் கழுத்துப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றிய விதமே. முன்பாரம் என்றால் சுமை கழுத்தில் இறங்கும். பின்பாரம் என்றால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பாரம் ஏற்றி முடித்ததும் மாடு பூட்டும் முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்க்கவும். ஒருவர் ஒரு கையால் சிரமமில்லாமல் தூக்கிப் பிடிக்கும் அளவுக்கு இலேசான முன்பாரம் இருப்பதே சரி. ஏற்றம் ஏறும்போது பாரம் பின்னால் சாயும், இறக்கத்தில் முன்னால் சாயும். வழியில் மேடு பள்ளம் அதிகம் என்றால் மூட்டைகளை உயரமாக அடுக்காமல் தாழ்வாகப் பரப்பி அடுக்குவது நல்லது. உயரமாக அடுக்கிய பாரம்தான் அதிகம் ஆடும். இறக்கத்தில் வண்டி மாட்டின் மேல் தள்ளாமல் இருக்கத் தடைக்கட்டை அவசியம். அச்சுக்கு நாள் தவறாமல் மை போட்டால் இழுப்பு குறையும். இழுப்பு குறைந்தால் கழுத்தின் பாரமும் குறையும்.

1965-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட இழுவை, சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி வண்டி மாட்டை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் ஓட்டக் கூடாது. வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. புண்ணுள்ள, வேலைக்குத் தகுதியற்ற மாட்டை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். நடுப்பகலில் ஓட்டிய மாடு மாலையில் ஓடாது என்பது வண்டிக்காரருக்கே தெரியும்.

ஓய்வுக்குப் பின் முதல் வாரம்

ஆண்டு முழுவதும் வேலை செய்யும் மாட்டுக்குக் கழுத்துத் தோல் காய்ப்பேறி உறுதியாக இருக்கும். கோடையில் இரண்டு மூன்று மாதம் சும்மா கட்டிக் கிடந்த மாட்டின் தோல் மென்மையாகிவிடும். மழை விழுந்த மறுநாளே விடியலிலிருந்து மாலை வரை அதை ஓட்டுவதுதான் பெரும்பாலான வீக்கங்களின் தொடக்கம். மழைக்கு ஒரு வாரம் முன்பே தயார் செய்ய வேண்டும். வெறும் நுகத்தடியைப் பூட்டி அரை மணி நேரம் நடத்தவும். அடுத்த நாள் ஒரு மணி நேரம். பிறகு பரம்பு போன்ற இலேசான வேலை. புதிதாகப் பழக்கும் இளங்காளைக்கு இதே முறையை ஒரு மாதத்துக்கு நீட்டிக்கவும்.

கோடையில் இளைத்த மாட்டுக்குக் கழுத்தின் அளவும் மாறியிருக்கும். தை மாதத்தில் பொருந்திய நுகத்தடி ஆடியில் பொருந்தாமல் போகலாம். ஆண்டுக்கு இருமுறையாவது சாம்பல் சோதனையைத் திரும்பச் செய்வது அவசியம்.

வேலை முடிந்து அவிழ்த்ததும் கழுத்தைத் தண்ணீரால் கழுவி வியர்வையும் மண்ணும் போகும்படி துடைத்து, கையால் நீவிவிட வேண்டும். பழைய ஆட்கள் இதைத் தவறாமல் செய்தார்கள். நீவும்போது சூடு, வீக்கம், வலி எதுவானாலும் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

புண் வந்துவிட்டால்

முதல் மருந்து ஓய்வு. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். வீக்கம் மட்டும் இருந்து தோல் உரியாமல் இருந்தால் முதல் நாளில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மாற்றி மாற்றிப் போடவும். இரண்டு நாளுக்குப் பின் பேதியுப்பு கரைத்த வெந்நீரில் துணியை நனைத்து, கை தாங்கும் சூட்டில் ஒத்தடம் கொடுக்கலாம். பேதியுப்பைக் கிளிசரினில் குழைத்துப் பூசுவதும் வீக்கத்தை வாங்கும். சில நாளில் வடிந்துவிடும்.

தோல் உரிந்திருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிய உப்பு நீராலோ, இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீராலோ கழுவி, கிருமிநாசினிக் களிம்பு போடவும். ஈ அண்டாமல் இருக்கப் புண்ணைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவவும். புழு வைத்துவிட்டால் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் புண்ணில் சிறிது நேரம் வைத்து, வெளிவரும் புழுக்களை இடுக்கியால் அகற்ற வேண்டும். ஆழமான புண்ணானால் இதைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

வீக்கம் மெதுவாகி உள்ளே சீழ் கட்டியிருப்பது தெரிந்தால் வீட்டுக் கத்தியால் கீறக் கூடாது. நாட்பட்டுக் கல்போல் இறுகிய கழலைக்குப் பூச்சு மருந்து பயன்படாது, அறுவை செய்தே எடுக்க வேண்டும். இரண்டுக்கும் கால்நடை மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவது, என்ஜின் கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய் ஊற்றுவது ஆகியவை புண்ணை ஆழமாக்குமே தவிர ஆற்றாது. சூடு போட்ட தழும்பில் தோல் மெலிந்துவிடும், அடுத்த உழவில் அதே இடம்தான் முதலில் உரியும்.

திமிலில் வரும் எல்லாப் புண்ணும் நுகத்தடியால் வந்தவை அல்ல. ஈக்கள் பரப்பும் ஒருவகை நூற்புழுவும் திமிலில் அரிப்புள்ள, ஆறாத புண்ணை உண்டாக்கும். வேலை செய்யாத மாட்டிலும் அது வரும், நுகத்தடி படாத இடத்திலும் வரும். மாதக் கணக்கில் ஓய்வு கொடுத்தும் ஆறாத புண்ணை மருத்துவர் பார்த்து அதற்குரிய மருந்து கொடுக்க வேண்டும்.

ஆறிய மாட்டை மீண்டும் பூட்டும் முன் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கவும். மாடு அசையாமல் நிற்க வேண்டும். தோல் உலர்ந்து, மயிர் முளைக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அதன் பின் நுகத்தடியில் புண் வந்த இடத்துக்கு நேரான பகுதியைத் தடவிப் பார்த்து, இழைத்து, சாம்பல் பூசிச் சோதித்துவிட்டு, முதல் மூன்று நாள் பரம்பு மட்டும் ஓட்டவும். நான்காம் நாள் கழுத்தில் சூடு இல்லை என்றால் கலப்பையைப் பூட்டலாம்.